உப்புப் பார்க்க ஒருவர் வேண்டும்

சில ஆண்டுகளுக்கு முன்பு, சித்திரைப் புத்தாண்டுக்கு நாலு நாள் இருக்கையில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் முன்னால் தொடங்கிய கதை இது. முடிந்தது கொட்டாஞ்சேனையில். இடையில் இரண்டே நாட்கள். எழுபது வயதைத் தாண்டிய, கோயில் சபையில் பொறுப்பு வகித்த ஒருவன் தன் மானத்தைத் தானே கப்பலேற்றிக்கொள்ள அந்த இரண்டு நாட்கள் தாராளமாகப் போதுமாக இருந்தன.

என் மகனுக்கு ஆடைத் தொழிற்சாலையில் முகாமையாளர் வேலை. வேலை அவனை எத்தியோப்பியாவுக்குக் கொண்டு போனது. போன இடத்தில் ஒரு பெண்ணை விரும்பி, அவர்களுடைய தேவாலயத்திலேயே மணம் முடித்தான். கல்யாணத்துக்கு நாங்கள் போகவில்லை. முழங்கால் வலி என்று நான் காரணம் சொன்னேன். வலி உண்மைதான். ஆனால் அதே முழங்காலோடு அதே மாதம் தேர்த் திருவிழாவில் வீதி முழுதும் சுற்றி வந்தேன். அதை மகனுக்கு யாரோ படம் எடுத்து அனுப்பியிருந்தார்கள். அவன் ஒன்றும் கேட்கவில்லை.

மறு ஆண்டு மூன்று கிழமை விடுமுறையில் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்தான். உயரமான, மெல்லிய பெண். சிரித்தால் கண்ணும் சேர்ந்து சிரிக்கும். மகன் கொஞ்சம் தமிழ் பழக்கியிருந்தான். "மாமா, சாப்பிட்டீங்களா?", "காணும் மாமி, காணும்", "போயிட்டு வாறன்" என்று பத்துப் பன்னிரண்டு வாக்கியம். மற்றதெல்லாம் ஆங்கிலம்.

அவள் வந்த நாளிலிருந்து என் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. காரணம், அந்தப் பெண் இறைச்சி, மீன், முட்டை, பால், நெய் எதையும் தொடவில்லை. ஈஸ்டருக்கு முன் ஐம்பத்தைந்து நாள் அவர்களுக்கு அப்படி ஒரு நோன்பாம். எங்கள் ஊரில் ஈஸ்டர் என்று நாங்கள் அறிந்த நாளைவிட, அவர்கள் திருச்சபையின் கணக்கில் அந்த நாள் ஒரு கிழமை பிந்தி வந்தது. புட்டு, இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, பருப்பு, கத்தரிக்காய்ப் பால்கறி என்று மனைவி சமைத்துப் போட, அவள் ரசித்துச் சாப்பிட்டாள். தேத்தண்ணிகூடப் பால் விடாத வெறும் தேத்தண்ணிதான். "எங்களைவிட இந்தப் பிள்ளைதான் சைவம்" என்று மனைவி பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சொன்னாள். நான் கோயிலில் சொன்னேன். கல்யாணத்துக்குப் போகாதவன், இப்போது மருமகளின் நோன்பை எடுத்துப் பதக்கம்போல என் சட்டைப் பையில் குத்திக்கொண்டு திரிந்தேன்.

அந்த நோன்பு சனிக்கிழமையோடு முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குப் பெருநாள். அதற்கு மாட்டிறைச்சிக் குழம்பு வைப்பார்கள், மணிக்கணக்காகச் சிறு நெருப்பில் வற்ற வைக்கும் குழம்பு. சிகா வொத் என்று பெயர். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். வெள்ளிக்கிழமை மத்தியானம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் பிரிட்ஜைத் திறந்தேன். கீழ்த்தட்டில், தயிர்ச் சட்டிக்கும் மனைவி பூசைக்கு வாங்கி வைத்த மாலைக்கும் பக்கத்தில், பத்திரிகைத் தாளில் சுற்றி சொப்பிங் பையில் போட்ட ஒரு பொதி இருந்தது. தூக்கிப் பார்த்தேன். மாட்டிறைச்சி.

யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளில் வெள்ளிக்கிழமை எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அன்று முட்டைகூட வீட்டுக்குள் வராது. மற்ற நாட்களில் மீனும் ஆடும் வரும். மாடு எந்த நாளும் வராது.

மகன் புறக்கோட்டைக்குப் புத்தாண்டு உடுப்பு வாங்கப் போயிருந்தான். மனைவி கோயிலில். மருமகள் காலையிலிருந்து அறைக்குள் இருந்தாள். நான் அவளைக் கூப்பிட்ட சத்தத்தில், தலையில் வெள்ளைச் சால்வையோடு வெளியே வந்தாள். நெற்றியில் நிலம் பட்ட அடையாளம் இருந்தது. அது ஏன் என்று நான் கேட்கவில்லை.

நான் ஏசியது ஆங்கிலத்தில். தமிழில் ஏசியிருந்தால் பாதியாவது அவளுக்குப் புரியாமல் போயிருக்கும். இது எப்படிப்பட்ட வீடு என்று தெரியுமா என்று கேட்டேன். நாற்பது வருடமாக இந்த வாசற்படியை மாட்டிறைச்சி தாண்டியதில்லை என்றேன். உன் நாட்டுப் பழக்கத்தை உன் நாட்டிலேயே விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும் என்றும் சொன்னேன். இந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போதே இது தப்பு என்று தெரிந்தது. தெரிந்தும் முடித்துவிட்டுத்தான் நிறுத்தினேன்.

அவள் மன்னிப்புக் கேட்டாள். பொதியை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல், வீட்டுக்குப் பின்னால் உடுப்புத் துவைக்கும் கல்லுப் பக்கம் போய் வெயிலில் நின்றாள். அந்த நேரம் பார்த்து மனைவி விபூதித் தட்டத்தோடு உள்ளே வந்தாள்.

"என்ன பிள்ளை கையில? ஏன் வெயிலுக்க நிக்கிறாய்?"

"மாடு!" என்றேன் நான். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா! தொடை இறைச்சி, எலும்பில்லாம ரெண்டு கிலோ!"

மனைவி பொதியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "பொதி இன்னும் அவிழ்க்கவே இல்லை. தொடை எண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?"

"பாத்தாத் தெரியாதோ?"

"எனக்குத் தெரியேல்லையே."

நான் இன்னும் சத்தமாகப் பேசி அந்த இடத்தைக் கடந்தேன். வேறு வழி இருக்கவில்லை.

அதற்குக் காரணத்தை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். இருபத்திரண்டு வயதில் கொழும்புக்கு எழுதுவினைஞராக வந்தவன் நான். என் பக்கத்து மேசைக்காரன் கொட்டாஞ்சேனைக் கத்தோலிக்கன். மாதத்தின் கடைசி வேலை நாளில் அவன் என்னை மருதானைப் புகையிரத நிலையத்துக்குக் கிட்ட ஒரு சின்ன முஸ்லிம் சாப்பாட்டுக் கடைக்குக் கூட்டிப் போவான். பாணும் மாட்டிறைச்சிப் பிரட்டலும். யாரும் ஏமாற்றி ஊட்டவில்லை, தெரிந்தேதான் சாப்பிட்டேன். அவ்வளவு ருசி. கல்யாணம் கட்டினேன், பிள்ளை பிறந்தான், கோயில் சபையில் சேர்ந்தேன், மாதக் கடைசி மட்டும் மாறவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, நூலகத்துக்குப் போகிறேன் என்று துணிப்பையில் இரண்டு புத்தகத்தைப் போட்டுக்கொண்டு போவேன். திரும்பி வரும்போது வாயில் ஏலக்காய் மெல்லுவேன். எனக்கு இருதயச் சத்திரசிகிச்சை நடந்த வருடத்திலிருந்து என் மனைவி வெள்ளிக்கிழமைதோறும் என் உடம்புக்காக ஒரு நேரம் மட்டும் சாப்பிட்டு விரதம் இருந்தாள். இருதயம் சுகமானதும் நான் மறுபடி நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன்.

மகன் பின்னேரம் வந்தான். நடந்ததை அவன் அவளிடம் கேட்டு அறிந்துகொண்டு என் முன்னால் வந்து நின்றான். சத்தம் போடவில்லை.

"அப்பா, அவள் ராத்திரி தொடக்கம் பச்சைத் தண்ணியும் குடிக்கேல்லை. இண்டைக்கு அவையின்ர பெரிய வெள்ளி. விடிய எழும்பின நேரம் தொட்டு விழுந்து கும்பிட்டுக்கொண்டு இருக்கிறாள்."

அவள் நெற்றியில் கண்ட அடையாளம் என்னவென்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இறைச்சி வாங்கினதும் வைச்சதும் நான்தான். பின்பக்கக் குசினியில புதுச் சட்டியில சமைக்கலாமோ எண்டு உங்களை வந்து கேப்பம் எண்டு இருந்தனான். சொல்லாமப் போனது என்ர பிழை. ஆனா நீங்கள் கதைச்சது உங்கட பிழை." கதவுப் பக்கம் திரும்பினான். "அம்மாவைப் பாக்க நான் வருவன். இவளை இனி இந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வரமாட்டன்."

என் கொட்டாஞ்சேனை நண்பனுக்கு, அந்தப் பழைய பக்கத்து மேசைக்காரனுக்கு, தொலைபேசி எடுத்தான். அவன் மனைவியை இழந்தவன், தனியே இருந்தான். உடனே வரச் சொல்லிவிட்டான். முச்சக்கர வண்டியில் பெட்டியும் பொதியும் ஏறின. மருமகள் படலையடியில் திரும்பி, பழக்கித் தந்த வாக்கியத்தைப் பிசகாமல் சொன்னாள்: "போயிட்டு வாறன் மாமா." கோபத்தோடு சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அன்று மாலை மனைவி ஒரே ஒரு தடவைதான் என்னோடு கதைத்தாள். "மாட்டிறைச்சி இந்த வீட்டுக்க வேண்டாம்தான். நானும் வேண்டாம் எண்டுதான் சொல்லியிருப்பன். ஆனா முதல்ல அந்தப் பிள்ளையை நிழலுக்குக் கூப்பிட்டுப்போட்டுச் சொல்லியிருப்பன்."

சனிக்கிழமை காலை நண்பன் தொலைபேசி எடுத்தான். பெரிய மனிதர் போலப் பேசத் தெரியாதவன்.

"மச்சான், இங்க வேலைக்கு ஆள் பத்தல. வா."

"நான் எப்பிடியடா அங்க வாறது? என்ன முகத்தோட?"

"இருக்கிற முகத்தோட வா. பத்து மணிக்குள்ள வரலேன்னா நான் வெள்ளவத்தைக்கு வந்து உன் சம்சாரத்துக்கிட்ட மருதானைக் கதைய முதல்ல இருந்து கடைசி வரைக்கும் சொல்லிடுவேன். படத்தோட."

படம் ஒன்றும் இருக்கவில்லை. ஆனாலும் ஒன்பதரைக்கே போய்ச் சேர்ந்தேன்.

கொட்டாஞ்சேனையில் அவனுடைய வீடு ஒடுக்கமான ஓர் ஒழுங்கைக்குள். குசினி ஜன்னலைத் திறந்தால் ஒழுங்கையில் போகிறவரின் தோள் முட்டும். மருமகள் என்னைக் கண்டதும் எழுந்து, "வாங்கோ மாமா" என்றாள். மகன் எழவில்லை. நண்பன் என் கையில் கத்தியைத் தந்தான்.

"சாமியார் வந்தாச்சு. இந்தா, ரெண்டு கிலோ பம்பாய் வெங்காயம். நல்லாப் பொடியா வெட்டணுமாம். நேத்து வாயால வெட்டுனதுல கொஞ்சம் இதுலயும் காட்டு."

வெட்டினேன். பத்தாவது வெங்காயத்துக்குள் கண் இரண்டும் ஓடத் தொடங்கிவிட்டது.

"என்ன மச்சான், வெங்காயத்துக்கா, வெக்கத்துக்கா?"

"ரெண்டுக்கும்" என்றேன். மகன் முகத்தை மற்றப் பக்கம் திருப்பினான். சிரித்தானா என்று தெரியவில்லை.

அந்தக் குழம்பின் சமையல் முறை எங்களுடையதற்கு நேர் எதிர். அடிப்பக்கம் தடித்த பெரிய சட்டியை அடுப்பில் வைத்து, அந்த வெங்காயம் முழுவதையும் வெறுஞ்சட்டியில் கொட்டினாள். எண்ணெய் இல்லை.

"எண்ணெய் விடலையே பிள்ள?" என்று நண்பன் பதறினான். "அடிப்பிடிச்சிடும்!"

எண்ணெய் முதலில் விட்டால் வெங்காயம் பொரிந்துவிடும், விடாமல் கிளறினால் கரைந்துவிடும், கரைந்தால்தான் குழம்பு தடிக்கும் என்று அவள் விளக்கினாள். நெருப்பு மிகச் சிறிதாக இருக்க வேண்டும். ஒரு மணித்தியாலம் அகப்பையை நிறுத்தக்கூடாது. காய்ந்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளிக்கலாம், அவ்வளவுதான். நான் எழுந்து போய் அகப்பையை வாங்கிக்கொண்டேன். அவள் வேண்டாம் என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தந்தாள்.

ஒரு மணித்தியாலம் வெங்காயத்தைக் கிளறிப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு நீளம் என்று. வெள்ளையாக இருந்தது கண்ணாடியாகி, பொன்னிறமாகி, கடைசியில் களி போலானது. இதற்கிடையில் அவள் வெண்ணெயை உருக்கி, இஞ்சி, உள்ளி, வெந்தயம், ஏலக்காய், மஞ்சள் போட்டுக் காய்ச்சி வடித்தாள். தாய் கொடுத்தனுப்பிய தகரப் பேணியைத் திறந்து, பெர்பெரே என்ற சிவப்புத் தூளை வெங்காயக் களியில் கொட்டினாள். கொட்டியதும் நான் தும்மிய தும்மல் இருக்கிறதே, என் மனைவி மிளகாய்த்தூள் வறுக்கும்போது தும்மும் அதே தும்மல். மணமும் ஏறக்குறைய எங்கள் வறுத்த தூளின் மணம்தான். அதைச் சொன்னேன். "மாமியின் தூளை முதல் நாள் மணந்தபோது எனக்கு அழுகை வந்தது" என்றாள் அவள். இவ்வளவு நாள் ஒரே வீட்டில் இருந்தும் அது எனக்குத் தெரியாது.

தூள் வதங்க, காய்ச்சிய வெண்ணெய் சேர, சின்னச் சின்னத் துண்டாக வெட்டிய இறைச்சி சட்டிக்குள் போனது. பிறகு மூன்று மணித்தியாலம். கொஞ்சம் கொஞ்சமாகச் சுடுதண்ணீர், மூடி, கிளறல், மறுபடி மூடி. மணம் ஜன்னலால் ஒழுங்கைக்குப் போய்விட்டது. போகிறவர் வருகிறவரெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"என்ன அங்கிள் விசேஷம்?"

"எங்க வீட்டுல நாளைக்கு ஈஸ்டர்!"

"அது போன கிழமையே முடிஞ்சிதே?"

"இது செக்கண்ட் ஷோ!"

இரண்டு மணி போல மருமகள் மூடியைத் திறந்து, குனிந்து, கண்ணை மூடி மணந்தாள். கவலையோடு நிமிர்ந்தாள். என்ன என்று மகன் கேட்டான். உப்புத்தான் பிரச்சினை. அவள் சனிக்கிழமை முடியும் வரை வாயில் வைக்க முடியாது. ஊரில் தாய் மணத்தை வைத்தே உப்புச் சொல்லிவிடுவாளாம். இங்கே உப்பு வேறு, வெண்ணெய் வேறு, சட்டியும் வேறு. யாராவது உப்புப் பார்க்க வேண்டும்.

"நானும் இந்தக் கிழமை அவளோட நோன்பு" என்றான் மகன். இதுவும் எனக்குப் புதிய செய்தி.

எல்லோரும் நண்பனைப் பார்த்தோம். அவன் கையை விரித்தான். "எனக்குப் பிரஷர். ஏழு வருசமா உப்பில்லாத சாப்பாடு. நாக்கு செத்துப் போச்சு. கடல் தண்ணியக் குடுத்தாலும் நல்லாருக்குன்னுதான் சொல்லுவேன்."

ஐம்பத்தைந்து நாள் காத்திருந்த பெருநாள். ஒரு பெரிய சட்டி நிறையக் குழம்பு. உப்புக் கூடினாலும் போச்சு, குறைந்தாலும் போச்சு. ஒழுங்கையில் யாரையாவது கூப்பிடலாமா என்று மகன் யோசித்தான். நண்பன் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு வாய் இருந்தது, சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த நன்றி இன்னும் எனக்கு உண்டு.

நான் கரண்டியை எடுத்தேன்.

"மாமா, நோ, நோ" என்று மருமகள் என் கையைப் பிடித்தாள். "யூ கான்ட்!" என் ஆசாரத்தைக் காப்பாற்ற அவளுக்கு அவ்வளவு அக்கறை. முதல் நாள் அவளை வெயிலில் நிறுத்திய ஆசாரம் அது.

கையை விலக்கிக் குழம்போடு ஒரு துண்டு இறைச்சியை எடுத்து, ஊதி, வாயில் போட்டேன். மெதுவாக மென்றேன். ஐம்பது வருடப் பழக்கம், நாக்கு தானாகவே வேலை செய்தது.

"உப்புக் கொஞ்சம் காணாது" என்றேன். "ஒரு சின்னக் கரண்டி போடலாம். இறைச்சி இன்னும் அரை மணித்தியாலம் கிடக்கட்டும், நடுவில நார் விடேல்லை. தொடை அப்பிடித்தான், கடைசி அரை மணித்தியாலத்திலதான் இளகும்."

மருமகள் உப்புப் பேணியை எடுத்தாள்.

"அப்பா?" என்றான் மகன்.

கதிரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். மருதானை, மாதக் கடைசி, நூலகம், ஏலக்காய். மகன் கேட்டுக்கொண்டே அதை அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னான். பாதியில் நிறுத்திவிட்டான்.

"நான் பள்ளிக்கூடத்தில ஓ.எல். படிக்கேக்க ஒரு பீஃப் ரோல்ஸ் திண்டிட்டு வந்தனான். ஞாபகமிருக்கோ? வெளியில வைச்சுத் தலையில தண்ணி வாத்துத்தான் உள்ளுக்கு எடுத்தனீங்கள். மூண்டு நாள் என்னோட கதைக்கேல்லை."

ஞாபகம் இருந்தது. அந்த மாதமும் நான் மருதானைக்குப் போயிருந்தேன். அதையும் சொன்னேன்.

அவன் என்னை உற்றுப் பார்த்தான். எழுந்து போய்விடுவான் என்று நினைத்தேன். ஆனால் அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல், சுவரில் சாய்ந்து, கண்ணீர் வரச் சிரித்தான். "நூலகம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தான். நண்பனும் சேர்ந்துகொண்டான். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் மருமகளின் பக்கம் திரும்பி, ஆங்கிலத்தை விட்டுவிட்டு, "என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை. நேற்று நான் ஏசினது உன்னை இல்லை. என்ர வண்டவாளம் வெளியில வந்திடும் எண்ட பயத்திலதான் அவ்வளவு சத்தம் போட்டனான்" என்றேன்.

மகன் சிரிப்பை நிறுத்தி அதை மொழிபெயர்த்தான். அவள் உப்பைப் போட்டு ஒரு தடவை கிளறிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமிக்குத் தெரியுமா?"

இல்லை என்றேன். அவள் சட்டியை மூடினாள்.

பஸ்ஸில் வெள்ளவத்தைக்குத் திரும்பும்போது ஏலக்காய் மெல்லவில்லை. வீட்டுக்குள் போனதும் மனைவி மூக்கைச் சுளித்தாள். அதுவும் நல்லதாகப் போயிற்று, பேச்சைத் தொடங்க வேறு வழி தேட வேண்டியிருக்கவில்லை. மகனுக்குச் சொன்னதையெல்லாம் அவளுக்கும் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சுளகை நிறுத்தவே இல்லை.

கடைசியில், "வெள்ளிக்கிழமையிலும் போனனீங்களோ?" என்று கேட்டாள்.

"இல்லை. வெள்ளிக்கிழமையில ஒருக்காலும் இல்லை."

"பொய் சொல்லாதேங்கோ."

"ரெண்டு தரம். மாதக் கடைசி வெள்ளியில வந்தால் முதல் நாளே போறனான், அந்த ரெண்டு தரமும் தவறிப் போச்சு."

சுளகு நின்றது. "எத்தினை வருசமா நான் பசியோட இருந்தனான், ஆருக்காக?" என்றாள். முற்றத்துக்குப் போய் நெடுநேரம் நின்றாள். உள்ளே வந்தபோது கண் சிவந்திருந்தது, குரல் மட்டும் வழக்கம்போல் இருந்தது.

"நாளைக்கு நானும் கொட்டாஞ்சேனைக்கு வாறன். உங்களுக்காக இல்லை. அந்தப் பிள்ளைக்குத் தோசை விருப்பம். காலமை ஊறப்போட்ட உளுந்து கிடக்கு, அரைக்கப் போறன். நல்லாப் புளிக்க வைச்சால் அவையின்ர ஊர் அப்பம் மாதிரி இருக்குமெண்டு ஒருநாள் சொன்னவள்."

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு அடுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் நிறையத் தோசையோடு போய் இறங்கினோம். மனைவி வாசலில் வைத்தே மருமகளின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். இருவரும் என்ன பேசினார்களோ, ஒருத்தி தமிழில், மற்றவள் ஆங்கிலத்தில். இரண்டு பேரும் அடிக்கடி என் பக்கம் திரும்பிப் பார்த்ததிலிருந்து விஷயம் எனக்கு விளங்கியது.

நோன்பு முடிந்துவிட்டது. ஆனாலும் நாங்கள் வரும் வரை குழம்புச் சட்டியைத் திறக்காமல் வைத்திருந்தாள். ஒரு பெரிய தட்டத்தில் தோசைகளைப் பரப்பி, நடுவில் குழம்பை ஊற்றினாள். கறுஞ்சிவப்பு. மேலே நெய் மிதந்தது. பிறகு இன்னொரு சின்னச் சட்டியைக் கொண்டுவந்து, மனைவிக்கு முன்னால் தனியாக வைத்தாள். அதே தூளில், நெய்யும் இறைச்சியும் சேராத மைசூர்ப் பருப்பு. புதுச் சட்டி, புது அகப்பை. மாமி வந்தால் வேண்டும் என்று நேற்றுப் பின்னேரமே கடையில் வாங்கினாளாம். வீட்டை விட்டு அனுப்பப்பட்ட மறுநாள் அவள் செய்த வேலை அது.

அவர்கள் ஊரில் ஒரு வழக்கம். குர்ஷா என்பார்கள். அப்பத்தைப் பிய்த்து, குழம்பை அள்ளிச் சுருட்டி, பக்கத்தில் இருப்பவரின் வாயில் தன் கையாலேயே ஊட்ட வேண்டும். முதலில் மூத்தவருக்கு. கவளம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு அன்பாம். அவள் என் முன்னால் வந்து ஒரு கைப்பிடி அளவு கவளத்தை நீட்டினாள்.

நான் மனைவியைப் பார்த்தேன்.

"வாயைத் திறவுங்கோ" என்றாள் அவள். "இவ்வளவு காலமும் ஒளிச்சுத் திண்டனீங்கள். இண்டைக்கு என்ர கண்ணுக்கு முன்னால தின்னுங்கோ."

திறந்தேன். ஒரு வாயோடு நிறுத்தக்கூடாது என்பது அவர்கள் வழக்கம், மூன்று வாய் ஊட்டினாள். மூன்றாவதில் எனக்கு மூச்சு முட்டியது, நண்பன் முதுகில் தட்டினான். உப்புச் சரியாக இருந்தது. பிறகு அவள் பருப்பைச் சுருட்டி என் மனைவிக்கு ஊட்டினாள். அறுபத்தேழு வயதில் மனைவி வெட்கப்பட்டு முகத்தை மூடிக்கொண்டாள், பிறகு தானும் ஒரு துண்டு தோசையை எடுத்து மருமகளுக்கு ஊட்டினாள். அதில் இறைச்சி இருந்தது. என் மனைவி தன் கையால் மாட்டிறைச்சி தொட்டது அந்த ஒரு தடவைதான். கையைக் கழுவிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல இன்னொரு தோசை எடுத்துக்கொண்டாள்.

புத்தாண்டன்று மகனும் மருமகளும் வெள்ளவத்தைக்கு வந்தார்கள். வெற்றிலையில் காசு வைத்துக் கைவிசேஷம் கொடுத்தேன், மருமகள் காலில் விழுந்து வாங்கினாள். மருதானைக்கு நான் பிறகு போகவில்லை. மனைவி தடுக்கவில்லை. ஒளிக்காமல் போகலாம் என்றானதும் அந்தக் கடையின் ருசி ஏனோ பாதியாகிவிட்டது. ஆண்டுக்கு ஒரு தடவை, அவர்கள் வரும் அந்தப் பெருநாளுக்கு, கொட்டாஞ்சேனையில் சட்டி ஏறுகிறது. வெங்காயம் வெட்டுவது இன்றும் நான்தான்.

மருமகள் அன்றே மன்னித்துவிட்டாள், மனைவிக்கு ஓர் ஆண்டுக்கு மேல் எடுத்தது, மகன் இன்னும் என்னைக் கேலி செய்கிறான். ஆனால் பசியோடு நின்ற ஒரு பெண்ணை ஒரு கேள்வியும் கேட்காமல் வெயிலுக்கு அனுப்பிய அந்த மத்தியானத்தை என்னால் திரும்ப வாங்க முடியாது. அதனால்தான் இன்று யார் என் வாசலுக்கு வந்தாலும், அவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிடுகிறேன்.